சுவரில் எழுதிய ஏரி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் குறைவு. சுவரைப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும், ஊர்ச் சபை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட தேர்தல் விதிகள் அங்குள்ள மண்டபச் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. குடவோலை என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த எவருக்கும் அது பார்க்காமலே பழகிய சுவர். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் ஊரின் பெயரைச் சொன்னதும் வடக்கத்தியர்களுக்கும் தெரிந்துபோனது. வருகிறார்கள், எழுத்துகளைத் தடவிப் பார்க்கிறார்கள் (தடவக்கூடாதுதான்), படம் எடுத்துக்கொள்கிறார்கள், அரை மணி நேரத்தில் காஞ்சிபுரத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். பட்டுச்சேலைக் கடைகள் காத்திருக்கின்றன.

அந்தச் சுவர் பேசுகிற ஏரி ஊரை ஒட்டியே கிடக்கிறது. வயிரமேக தடாகம் என்பது பழைய பெயர். தந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயரால் வந்தது. சுவரில் ‘ஏரி வாரியம்’ என்று படித்துவிட்டு ஏரிக்கரையில் ஏறிப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. கல்வெட்டு சுற்றுலாத் தலம்; ஏரி வெறும் ஏரி. இந்தப் பிரிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கத் தோன்றியது. சுற்றுலா என்றாலே நினைவுக்கு வரும் தேயிலை மலைகளின் நிலத்தோற்றத்தையும் சுற்றுலா மதிப்பையும் அளக்க ஆய்வாளர்கள் என்னென்ன கேட்பார்களோ அவற்றையெல்லாம் தொகுத்து ஒரு படிவம் எழுதிக்கொண்டேன். காட்சி முனைகள் எத்தனை, நிலத்தின் ஏற்ற இறக்கம் எப்படி, பசுமை எத்தனை மாதம், தட்பவெப்பம், தங்கும் வசதி, நிலத்தைப் பராமரிப்பவர் யார் என்று ஒரு பக்கத்துக்குக் கட்டங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு உத்திரமேரூர் ஏரிக்கரையில் நடந்தேன்.

முதல் கட்டத்திலேயே தகராறு. காட்சி முனை என்று எழுத இங்கே எதுவும் இல்லை.

நிலத்தோற்றத்தை முறையாக மதிப்பிடும் வழக்கம் பிரிட்டனில்தான் வலுப்பெற்றது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்குமான வழிகாட்டி நூல் 2002இல் வந்தது. இங்கிலாந்து முழுவதையும் 159 இயல்புப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த முறையில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: ஒரு நிலம் எப்படி இருக்கிறது என்று விவரிப்பது ஒரு வேலை, அது நல்லதா, அழகா, காக்கத்தக்கதா என்று தீர்ப்புச் சொல்வது வேறு வேலை, முதலாவதை முடிக்காமல் இரண்டாவதைத் தொடக்கூடாது. 2000இல் ஃபிளாரன்ஸ் நகரில் கையெழுத்தான ஐரோப்பிய நிலத்தோற்ற உடன்படிக்கை இன்னும் ஓரடி மேலே போய், பேரழகான இடங்களோடு அன்றாட நிலங்களையும் சீரழிந்த நிலங்களையும்கூட ஒரே கணக்கில் சேர்த்தது. நம் சுற்றுலாத் திட்ட அறிக்கைகளில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கும். முதல் வரியிலேயே ‘கண்ணுக்கு விருந்து’ என்று தீர்ப்பு வந்துவிடும். பிறகு விவரிக்க என்ன மிச்சம்?

தேயிலை மலைகள் அந்தத் தீர்ப்புக்கென்றே வார்த்தவை போலிருக்கின்றன. மலைச் சரிவு என்பதால் எங்கே நின்றாலும் கீழே பார்க்கலாம். தேயிலை ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காது. இடுப்பளவில் மட்டம் பிடித்து வெட்டி, ஒன்று இரண்டு வாரத்துக்கொரு முறை கொழுந்து பறிப்பதால் மேல்பரப்பு சமமாக இருக்கிறது. நடுவே நிழலுக்கு சில்வர் ஓக். ஜனவரியில் எடுத்த படத்தையும் ஆகஸ்டில் எடுத்த படத்தையும் பிரித்துச் சொல்வது கடினம். பருவத்தை மறைத்துக்கொள்ளும் நிலம் அது. பயண நிறுவனங்களுக்கு இதைவிடத் தோதான சரக்கு கிடைக்காது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறுகிற வண்டிகளின் கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது. மதிப்பு இவ்வளவு உயர்ந்தால் மலைக்கு அது நல்லதா என்று கேட்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

அந்த மட்டமான பச்சை தானாக நிற்பதில்லை. தேயிலை இயல்பில் மரம். வெட்டாமல் விட்டால் ஓங்கி வளர்ந்துவிடும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தால் இது புரியும். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காடு. குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கினார்கள். நான்கு தலைமுறை கைகள் ஓய்ந்தால் அந்தச் சரிவுகளின் தோற்றம் சில பருவங்களிலேயே வேறாகிவிடும். காட்சி முனையில் நின்று பார்க்கிறவருக்குச் செடிகள் தெரியும், தொழிலாளர்களின் லயன் வீடுகள் தெரியாது. பெரும்பாலும் அவை பார்வை படாத மடிப்புகளில் இருக்கும்.

உலக அளவில் அங்கீகாரம் பெற்ற தேயிலை நிலங்களைத் தேடிப்போனால் ஒரு வியப்பு. ஜப்பானின் ஷிசுவோகா பகுதியை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. எதற்காக? தேயிலைக்கு மூடாக்குப் போடுவதற்காகப் பக்கத்திலேயே புல்வெளிகளை வளர்த்து, ஆண்டுதோறும் அறுத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அந்தப் புல்வெளியில் அரிய செடிகளும் பூச்சிகளும் பிழைத்திருக்கின்றன. சீனத்தின் ஜிங்மாய் மலை 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் மட்டம் வெட்டிய சரிவுகளுக்காக இல்லை. காட்டு மரங்களின் நிழலில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பழைய தேயிலை மரங்களுக்காக. தேயிலையிலேயே கூட, ஆழ்ந்து பார்த்தவர்கள் மதித்தது நிலத்துக்கும் அதை நடத்துகிறவர்களுக்கும் உள்ள ஏற்பாட்டைத்தான். இலங்கையில் இது இன்னும் தெளிவு. நுவரெலியாத் தேயிலைச் சரிவுகள் அந்நாட்டின் விளம்பரப் படமாக இருக்க, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2017இல் அதே மரபுப் பட்டியலில் சேர்த்தது வறண்ட பகுதியின் தொடர்குளங்களை: ஒரு குளத்தின் மிச்ச நீர் அடுத்த குளத்துக்கு இறங்கும் ஊர்க்குளச் சங்கிலிகள்.

தொண்டை மண்டலத்துக்காரனுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பொறாமை வரும். நம் ஏரிகளும் அப்படியே. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. தமிழகத்தில் ஏரி குளங்கள் சுமார் 39,000 என்பது அரசுக் கணக்கு. 2019இல் செங்கல்பட்டு பிரிந்துபோவதற்கு முன் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித்துறையின் பொறுப்பில் மட்டும் 900க்கும் மேல். ‘ஏரிகள் மாவட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரோடு சரி.

படிவத்துக்குத் திரும்புகிறேன். தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு விவரிக்க மட்டும் முயன்றால் உத்திரமேரூர் நிலம் எப்படி இருக்கிறது? செய்யாற்றின் நீரையும் மழையையும் நம்பிய சமவெளி. ஆற்றோரம் மணலும் கிணறும். அதைத் தாண்டினால் கரை கட்டிய ஏரி. கரையின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் ஓர் ஆள் மட்டத்துக்குக் கீழே விரியும் ஆயக்கட்டு வயல். கரை மேல் பனை. உள்வாயில் வனத்துறை நட்ட கருவேலம். அப்பால் மானாவாரி மேடு, இடையிடையே பாறைக் குன்றுகள். எந்த இடத்திலும் நிலம் திடீரென்று ஏறுவதோ இறங்குவதோ கிடையாது. இங்கே எல்லாம் ஓரிரு அடி உயர வித்தியாசத்தில் நடக்கிறது. வரத்துக்கால்வாய் அரை அடி மேடு தட்டினால் ஏரி நிரம்பாது. கலங்கல் அரை அடி தாழ்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் இந்த நிலம் மதகு திறக்கும் நீர்கட்டியின் கண்ணில் மேடு பள்ளமாக இருக்கிறது.

பருவம் இன்னொரு விஷயம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும்போது ஊரே கரையில் நிற்கும். மார்கழியில் சம்பா கதிர் வாங்கி, தையில் வயல் பொன்னாகி, அறுப்பு முடிந்த கையோடு நவரைக்கு நாற்று விடுகிறார்கள். சித்திரையில் தண்ணீர் மிச்சமிருந்தால் சொர்ணவாரி. வட தமிழகத்தைத் தாண்டி இந்தச் சொல்லைச் சொன்னால் ‘அது என்ன?’ என்பார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் ஏரி உள்வாய் வெடித்து மாடு மேயும் வெளியாகிவிடும், வண்டல் அள்ளும் டிராக்டர்கள் இறங்கும். மே மாதத்தில் வந்து பார்க்கிறவர் ‘ஏரியா, எங்கே?’ என்று கேட்டால் குற்றமில்லை. ஊட்டி நிரம்பி வழியும் மாதம் ஏரி நாட்டுக்குக் காய்ச்சல் மாதம். ‘பசுமை எத்தனை மாதம்’ என்ற கட்டத்தில் நேர்மையாக எழுதினால் மதிப்பெண் பாதிகூடத் தேறாது.

தொல்காப்பியத்தை இழுக்காமல் நிலத்தைப் பற்றித் தமிழில் எழுத முடியாதா என்று ஒரு நண்பர் அலுத்துக்கொள்வார். முடியும்தான். ஆனால் நிலத்தோற்ற மதிப்பீடு என்று பார்த்தால், முதற்பொருள் என்ற தலைப்பில் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே வைத்த அந்த நூல் என் படிவத்தைவிட ஒரு கட்டம் கூடுதலாக யோசித்திருக்கிறது. வயல் நிலமான மருதத்துக்கு விடியற்பொழுது என்று ஒதுக்கியதும் வீணில்லை. நண்பகலில் ஏரியைப் பாருங்கள், கண்கூசும் தகடு. கிழக்கு வெளுக்கும்போது பாருங்கள், நீர்க்கோழி, நாரை, மதகடியில் சலசலப்பு, வரப்பில் ஆள் நடமாட்டம்.

இனி அந்தச் சுவர். இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் வெங்கையா அந்தக் கல்வெட்டுகளை வெளியிட்ட நாளிலிருந்து பேசப்படுவது தேர்தல்தான்: யார் நிற்கலாம், யார் கூடாது, ஓலையைக் குடத்தில் எப்படிப் போடுவது, சிறுவனைக் கொண்டு எப்படி எடுப்பது, முன்பு கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் எப்படி விலக்கப்படுவர். கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது. எல்லாம் சரி. தேர்ந்தெடுத்து என்ன செய்தார்கள் என்ற கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்து 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழு, 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். (பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனி.) ஆக, முப்பதில் பதினெட்டுப் பேருக்கு வேலை நிலமும் நீரும். சம்வத்சர வாரியத்துக்கு எடுக்கப்படுவோரிலும் முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களுக்கு இடம் சொல்லியிருக்கிறது விதி. ஏரியைப் பார்த்துக்கொண்டவனை ஊரை நடத்த அழைத்திருக்கிறார்கள். பதவிக்காலம் 360 நாள்.

சுவரை ஜனநாயகத்தின் பிறப்புச் சான்றிதழாகக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. சதுர்வேதிமங்கலத்துச் சபையில் நிலமுள்ள, வேதம் படித்த பிராமண ஆண்களுக்குத்தான் ஓலை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. அந்தச் சுவரை ஒரு நிலத்தின் நிர்வாகப் பத்திரமாகப் படிப்பது எனக்கு உவப்பு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பலவற்றில் வயலின் இருப்பிடத்தை இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் என்று எண் போட்டுச் சொல்கிறார்கள். வாய்க்கால்களையே கோடாக வைத்து நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடம் அது, வரைபடம் இல்லாமலே. ஏரியில் தூர் வாரிக் கரையில் கொட்ட ஓடம் ஓட்டுவதற்கென்று பொன்னும் நிலமும் விட்ட கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்தில் உண்டு. நிலகண்ட சாஸ்திரி 1932இல் இச்சபைகளைப் பற்றி எழுதினார். ஃபிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் உத்திரமேரூருக்கென்றே பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் எழுதி 1970இல் புதுச்சேரியில் வெளியிட்டார்கள். ஒரு சுவரும் ஒரு ஏரியும் ஒன்றையொன்று விளக்கிக்கொண்டு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அபூர்வம். உத்திரமேரூரின் சுற்றுலா மதிப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைச் சொல்வேன். இரண்டுக்கும் இடையில் நடப்பதற்குத்தான் எவரும் வழி காட்டுவதில்லை.

மதிப்பை ரூபாயில் அளக்கவும் முறைகள் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஹெரால்டு ஹோட்டலிங் 1947இல் அந்நாட்டுத் தேசியப் பூங்கா நிர்வாகத்துக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது பயணச் செலவு முறை. ஓர் இடத்தைக் காண மக்கள் எவ்வளவு தூரம் வருகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதிலிருந்து அந்த இடத்தின் மதிப்பைக் கணிப்பது. முறை நேர்த்தியானது. ஆனால் சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில், காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய ஊருக்கு இதைப் போட்டால் விடை சில்லறையாகத்தான் வரும். ஊட்டி தூரத்தில் இருப்பதே அதற்கு மதிப்பாகிவிடுகிறது.

வேறு மாதிரி மதிப்பிட்டவர்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். மதுராந்தகம் வட்டத்தில் இருக்கும் வேடந்தாங்கல், ஏறக்குறைய 30 ஹெக்டேர் அளவுள்ள ஏரி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர்மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798இல் கௌல் என்ற பாதுகாப்புப் பத்திரம் வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். சுற்றுலா என்ற சொல்லே புழங்காத காலம். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அதுதான் அவர்கள் போட்ட மதிப்பு. தீபாவளிக்கு அங்கே இன்றும் வெடி வெடிப்பதில்லை. பிறகு பார்வையாளர்கள் வந்தார்கள், 1998இல் ஐந்து கிலோமீட்டர் சுற்றுவட்டம் சரணாலயமானது, 2020இல் அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது, 2022இல் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சேர்ந்தன. வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் விவசாயிக்குப் பயன், அதனால் காப்பு, அதனால் பறவை, கடைசியில்தான் பைனாகுலரோடு சென்னைக்காரர். மலைத் தேயிலையில் சுற்றுலா வந்த வரிசை இதுவன்று.

ஏரி நாட்டை அழிப்பவற்றைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, கண்ணில் படுகிறது. உத்திரமேரூர் வட்டத்துக் குன்றுகளைக் குவாரிகளும் கிரஷர்களும் தின்றுகொண்டிருக்கின்றன. கால்வாய்களில் சீமைக்கருவேலம். மாவட்டத்தின் வடபகுதியில் பரந்தூர் விமான நிலையத்துக்கு 13 கிராமங்களில் நிலம் எடுப்பதாக 2022இல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரத்து மக்கள் ஏரிகளையும் கம்பன் கால்வாயையும் சொல்லித்தான் போராடிவருகிறார்கள். அங்கே நிலத்துக்கு விலை பேசப்படுகிறது; நிலத்தோற்றத்துக்கு விலை போடும் பத்தி எந்த விண்ணப்பத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு ஏரியை எடுத்தால் ஒரு ஏரிதான் போகும் என்று கணக்கிடுவது சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் எடுத்துவிடலாம் என்பது போல.

உத்திரமேரூரில் சுற்றுலாவை வளர்க்கிறேன் என்று யாராவது ஏரிக்கரையில் கான்கிரீட் நடைபாதையும் படகுத்துறையும் கட்டிவிடுவார்களோ என்று அச்சமாகவே இருக்கிறது. கரை என்பது மண். அதில் மாட்டு வண்டி ஏறும், பனை வேர் பிடிக்கும், மழைக்காலத்தில் மணல் மூட்டை அடுக்குவார்கள். வேண்டியது மிகக் கொஞ்சம்: மண்டபத்துக் கல்வெட்டின் தமிழ் வாசகத்தை எளிய தமிழில் சொல்லும் ஒரு பலகை, அங்கிருந்து சுந்தரவரதர் கோயில் வழியாகக் கரைக்குப் போகும் பாதைக்கு ஒரு அடையாளம், மதகுக்கும் கலங்கலுக்கும் பெயர்ப்பலகை, கேட்டால் விளக்கிச் சொல்ல ஊர்க்காரர் ஒருவருக்குக் கூலி. மார்கழி, தை இரண்டு மாதம் நடந்தால் போதும். மற்ற மாதங்களில் ஏரி தன் வேலையைப் பார்க்கட்டும். மூன்று தளங்களில் நின்றும் இருந்தும் கிடந்தும் சேவை சாதிக்கும் சுந்தரவரதரைப் பார்க்க எந்த மாதமும் வரலாம்.

படிவத்தை ஒருவழியாக நிரப்பினேன். காட்சி முனை: ஏரிக்கரை, எங்கே நின்றாலும். பார்க்க உகந்த காலம்: தை, விடியல். தங்கும் வசதி: சொல்லும்படி இல்லை. ‘பராமரிப்பவர்’ என்ற கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். தேயிலைத் தோட்டம் என்றால் கம்பெனிப் பெயரை எழுதிவிடலாம். இங்கே காகிதத்தில் நீர்வளத்துறை. 2017இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்து ஒருபுறம். அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி வாங்கும் வழக்கத்தோடு மதகு திறந்துவந்த நீர்கட்டி இன்னொருபுறம். 921இல் என்றால் ஆறு ஓலைகள், 360 நாள் கெடு. நான் வரைந்த கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் விட்டிருந்தேன்.